பாப்பாவுக்குப் போட்ட கலவை

நூற்று எண்பத்து நாலு ரூபாய் ஐம்பது காசு. ராயப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் பாயின் மெடிக்கல் ஷாப்பில் என் பேரில் எழுதியிருந்த பாக்கி இவ்வளவு. பால் பவுடர் டின் இரண்டு, எழுபத்தெட்டு ரூபாய் வீதம். கண்ணாடிப் பால் பாட்டில் ஒன்று, இருபத்திரண்டு. ரப்பர் நிப்பிள் ஒன்று, ஆறரை. கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும், நான் பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

இதில் முதல் டின்னுக்கு ஒரு நியாயம் உண்டு. இரண்டாவது டின் என் திமிருக்கு ஆன செலவு.

நான் கலவை ஆள். சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர், இந்த நாலையும் பதினெட்டு வருஷமாக மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அடையாறிலும் கோட்டூர்புரத்திலும் நான் கலந்த தளத்துக்கு மேலே இப்போது யார் யாரோ சோபா போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தளமும் ஒழுகியதில்லை. காரணம், தண்ணீர் விஷயத்தில் நான் கறார். ஒரு குடம் கூட ஊற்றினால் புரட்டுவது சுலபம், முதுகு பிழைக்கும். ஆனால் காய்ந்த பிறகு தளம் விரிசல் விடும். அதனால் முதுகு போனாலும் போகட்டும் என்று தண்ணீரைக் குறைத்தே ஊற்றுவேன். வேலு மேஸ்திரி மற்ற ஆட்களிடம், "எத்திராஜ் கலவைய பாத்துக் கத்துக்கங்கடா. நீங்க போடறது கலவை இல்ல, கஞ்சி" என்பார். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியிருந்தது.

தலைக்கு ஏறிய இன்னொன்று எழுத்து. முப்பத்தைந்து வயதில்தான் எங்கள் பகுதியில் நடந்த பெரியவர்கள் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் படித்தேன். அதன் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். சுவர், பஸ், பொட்டலம் கட்டிய காகிதம், எதையும் விடுவதில்லை. என் வீட்டுக்காரி அமுலு ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள், "போர்டு போர்டா படிச்சது போதும்யா. கண்டக்டரு எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கினு நிப்பாரு."

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆவணியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை, வருகிறபோது மட்டும் மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அமுலு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். தொடக்கூடாது. ஆறு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த அன்று என்னிடம், "இன்னொரு தபா அந்தப் பொட்டிக்குள்ள வுட மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன விதத்தில், பெட்டியைச் செய்தவனே நான்தான் என்பதுபோல் இருந்தது.

பாப்பாவுக்கு உறிஞ்சப் பலம் போதவில்லை. மார்பில் போட்டால் நாலு இழுப்பு, பிறகு தூக்கம். அதனால் அமுலு பாலைக் கையால் பீச்சி எவர்சில்வர் டம்ளரில் எடுத்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள். அரைமணி நேரம் பீச்சினால் டம்ளரின் அடியில் ஒரு விரல் உயரம் சேரும்.

எங்கள் தெருக்கோடி மாநகராட்சி தாய் சேய் நிலையத்தில் சீதா சிஸ்டர் வெள்ளிக்கிழமை எடை போட்டுப் பார்த்தார். இரண்டு கிலோ ஐம்பது கிராம்.

"அடுத்த திங்கள் விட்டு அதுக்கு அடுத்த திங்கள் கொண்டு வாங்க. ரெண்டு கிலோ இருநூறு வரணும். வரலைன்னா பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன்" என்றார். அமுலுவின் முகம் அங்கேயே வாடிவிட்டது. "தாய்ப்பாலைப் பீச்சிக் குடு. பத்தலைன்னா மட்டும் பவுடர் பால் கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்று சொல்லி, அதைக் கலக்கும் முறையையும் சிஸ்டர் சொன்னார்.

சொன்னார் என்பதற்கு அமுலு சாட்சி. ஆனால் அப்போது பாப்பா அழுதுகொண்டிருந்ததால் அவள் காதில் பாதிதான் விழுந்தது. நானோ அன்று காலை நாற்பது மூட்டைக் கலவை போட்டுவிட்டு நேராக வந்திருந்தேன். நின்றபடியே கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது எங்கள் தொழிலில் பழகிப்போகும். சிஸ்டர் பேசப் பேச நான் தலையை ஆட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

அன்று சாயங்காலம் பாய் கடையில் டின், பாட்டில், நிப்பிள் மூன்றையும் கடனுக்கு வாங்கி வந்தேன். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ், பக்கத்தில் இந்தி. மனம் விட்டுப்போகும் நேரத்தில் ஒரு ஓரமாக ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது. உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன்.

"தா-ய்ப்-பா-லே கு-ழ-ந்-தை-க்-கு மி-க-ச் சி-ற-ந்-த-து."

"அமுலு, டம்ளர எடு" என்றேன். "பவுடர எதுல கலக்கணும்னு டின்லயே போட்டுக்கீறான்."

"சிஸ்டரு ஏதோ தண்ணின்னு சொன்னாங்களேய்யா."

"தண்ணியிலயும் கலக்கலாம். ஆனா தாய்ப்பால்ல கலந்தாதான் பெஸ்ட்டுன்னு எழுதிக்கீறான். நான் படிச்சனா, நீ படிச்சியா?"

"அது வேற எதுக்குனா போட்டிருப்பான்."

"வேற எதுக்குப் போடுவான்? பவுடரு விக்கறவன், என் பவுடர வாங்காத, தாய்ப்பாலே குடுன்னா எழுதுவான்? அவன் இன்னா பைத்தியமா?"

அமுலு டம்ளரை எடுத்து நீட்டினாள். எந்த வியாபாரி அப்படி எழுதுவான் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

டின்னுக்குள் ஒரு சின்ன அளவு ஸ்பூன் இருந்தது. என் மண்வெட்டி பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும். குவித்து இரண்டு ஸ்பூன் அள்ளி, அமுலுவின் பாலில் போட்டு, மூடிக் குலுக்கினேன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பேர் நல்ல கலவை.

பாப்பா நிப்பிளை வாயில் வாங்கினாள். இழுத்தாள். கன்னம் உள்ளே போனது, பால் வெளியே வரவில்லை. மறுபடி இழுத்தாள். கொஞ்சம் வந்தது. நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். பத்து நாள் பிள்ளைக்குப் பார்வை நிலைக்காது என்பார்கள். எனக்குத் தெரியாது, அது வேலு மேஸ்திரி கெட்ட கலவையைப் பார்க்கும் பார்வை.

"கட்டியா கீதுய்யா" என்றாள் அமுலு.

"கெட்டியா இருந்தாதான் ஒடம்பு ஏறும். தண்ணி மாதிரி குடுத்தா தண்ணி மாதிரிதான் போவும்."

பாதிக்கு மேல் பாட்டிலில் மிச்சம். மிச்சம் வைக்கக்கூடாது என்பது மட்டும் எனக்கே தெரியும், கலவையும் அப்படித்தான். கொண்டுபோய் வாசல் சாக்கடையில் ஊற்றினேன். திரும்பி வந்தால் அமுலு எழுந்து நிற்கிறாள்.

"எதை ஊத்துன?"

"மீந்தத."

"அரமணி நேரம்யா. இடுப்பு ஒடிய குந்திக்கினு அரமணி நேரம் பீச்சினது. பவுடர மட்டும் ஊத்துனா நான் ஏன்னு கேக்க மாட்டேன். என் பாலையும் சேத்து எலிக்கு வார்த்துட்டு வந்து நிக்கிற."

அன்றைக்கு அவள் அதோடு விட்டாள். ஆனால் ஒவ்வொரு வேளையும் இதே கதை நடந்தது. அவள் பீச்சுவாள், நான் கலப்பேன், பாப்பா பாதி தள்ளுவாள், நான் ஊற்றுவேன், அவள் திட்டுவாள். ஒரு நாளைக்கு எட்டு வேளை. வேலைக்குப் போகும்போது அவளுக்கும் என் முறையைக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு பாப்பா வெளிக்குப் போவது நின்றது. திங்கள், ஒன்றும் இல்லை. செவ்வாய், ஒன்றும் இல்லை. எங்கள் வரிசையில் பதினோரு வீடு. குழாயடியில் ஒருத்தி கேட்டதை வைத்து எல்லாருக்கும் சேதி பரவிவிட்டது. நான் வேலை முடிந்து வந்தால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு தலை நீளும்.

"இன்னா எத்திராஜு, ஆச்சா?"

"ஆவல."

"சாயங்காலம் ஆவும்."

பாப்பா முக்கினாள், சிவந்தாள், காலை மடக்கி அழுதாள். அமுலு வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெளியே போகாதது எல்லாம் உள்ளேதானே இருக்கிறது, திங்கட்கிழமை தராசில் அது எடையாகத்தானே வரும். இதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அமுலு பாப்பாவோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை டின் காலி. பாய் கடைக்குப் போய் இன்னொன்று கேட்டேன்.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். கனத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. கடைக்கு வெளியே இருந்த படி ஒரு வருஷமாக உடைந்து கிடந்தது. அதில் தடுக்கி விழுகிறவர்களுக்கு உள்ளே பிளாஸ்திரி விற்பார் என்று தெருவில் ஒரு பேச்சு. அன்று மயிலாப்பூர் சீனிவாசராகவன் சாரும் கடையில் இருந்தார். ரிடையரான வாத்தியார். பிரஷர் மாத்திரைக்காக இவ்வளவு தூரம் நடந்தே வருவார், ஏனென்றால் பாய் அவருக்கும் கடன் கொடுப்பார்.

"இன்னா நைனா, வெள்ளிக்கிழமைதான் டின் வாங்கினு போன?" என்றார் பாய்.

"தீந்துபோச்சி பாய்."

"உன் வூட்ல எத்தினி புள்ள?"

"ஒண்ணு."

"தாய்ப்பாலும் குடுக்கறாங்கல்ல? அப்ப ஒரு டின்னு ரெண்டு வாரம் ஓடணும். நீ டீ போட்டுக் குடிக்கிறியா?"

"இல்ல பாய்."

"அப்ப இன்னா, தளம் போடறியா?"

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவரும் நிறுத்திவிட்டு, "எப்படிக் கலக்கற, சொல்லு" என்றார். சொன்னேன். டின்னில் இருந்த தமிழ் வரியைப் படித்ததையும், குவித்து இரண்டு ஸ்பூன் போடுவதையும், தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதையும் சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது பாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

சீனிவாசராகவன் சார் மெதுவாகக் கேட்டார், "ஏம்ப்பா, அப்போ ஜலம் எங்கே?"

"ஜலம் போடறதில்லீங்க."

"கொழந்தை வெளிக்குப் போறதோ?"

"நாலு நாளாச்சிங்க."

சார் பாயைப் பார்த்தார், பாய் சாரைப் பார்த்தார். பாய் டின்னை எடுத்து என் கையில் வைத்தார், நோட்டில் எழுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார். "குடுக்கறேன். ஆனா வூட்ல வெச்சி பிரிக்காத. புள்ளையயும் சம்சாரத்தையும் கூட்டிக்கினு நேரா சிஸ்டரண்ட போ. இந்தக் கலவைய அவங்க எதிர்ல போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினேன். சீதா சிஸ்டர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தார். சொட்டு விழவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்திராஜ், பவுடருக்குக் கணக்கு தண்ணியோடதான். இந்த டின்னுக்கு ஒரு அவுன்ஸ் தண்ணிக்கு ஒரு ஸ்பூன். தாய்ப்பால்ல எல்லாம் ஏற்கெனவே அளவாக் கலந்துதான் வருது. கலந்து வெச்ச கலவையில போய் யாராவது இன்னும் ரெண்டு சட்டி சிமெண்டு கொட்டுவாங்களா?"

"கொட்ட மாட்டாங்க சிஸ்டர்."

"பச்சைக் குழந்தைக்கு கிட்னி இத்துனூண்டு. இவ்வளவு கெட்டியைக் கொடுத்தா அது தாங்காது. ஒடம்புல இருக்கற தண்ணியையும் உறிஞ்சிடும். இவ பாதியைத் துப்பினாளே, அதனாலதான் தப்பிச்சா."

அமுலு என்னைப் பார்க்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. சிஸ்டர் பாப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார். "டாக்டரும் பார்த்துடட்டும்" என்று உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். பயப்பட ஒன்றும் இல்லை, இன்றிலிருந்து சரியாகக் கொடுங்கள் என்றார்.

பிறகு முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை நான் கண்ணை மட்டும் அல்ல, காதையும் திறந்து வைத்திருந்தேன். பையில் வகுப்பு நோட்டு இருந்தது. எழுதிக்கொண்டேன்.

"மொதல்ல தாய்ப்பாலைத் தனியாக் குடு. அது முழுசா உள்ள போகட்டும். அப்பறமும் பசிச்சா, தண்ணியில கலந்த பவுடர் பால். அப்ப மீந்து கொட்டினாலும் பவுடர் பால்தான் போகும். அவ கஷ்டப்பட்டுப் பீச்சினது ஒரு சொட்டும் வீணாகாது."

அமுலு அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இத்தத்தான் சிஸ்டர் நான் அஞ்சி நாளா கத்திக்கினு கீறேன்."

"ரெண்டையும் ஒரே பாட்டில்ல குடுக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். மானம் போன பிறகும் தொழில் புத்தி போகாது.

"குடுக்கலாம். ஆனா பவுடரைத் தண்ணியில சரியாக் கலந்து முடிச்சப்பறம்தான் தாய்ப்பாலை அதுல ஊத்தணும். பவுடரை நேரா தாய்ப்பால்ல போடவே கூடாது. குடிக்க ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல மீதியைக் கொட்டிடணும், எடுத்து வெச்சு மறுபடி குடுக்கக் கூடாது. பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடு. தண்ணி கொதிச்சு ஆறினதா இருக்கணும். ஸ்பூனைக் குவிக்காதே, தலை தட்டு."

வீட்டுக்கு வந்து ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

முதலில் அம்மா. பிறகு டப்பா.
முதலில் தண்ணீர். பிறகு பவுடர்.
ஸ்பூன் தலை தட்டு.
மீதி வைக்காதே.

நான் எழுதியதிலேயே யாருக்காவது உபயோகமானது இதுதான். ஸ்பூனைத் தலை தட்ட என் வகுப்பில் கொடுத்த மர ஸ்கேலை வெந்நீரில் கழுவி வைத்துக்கொண்டேன். அமுலு எழுத்து தெரியாதவள். ஆனால் நான் கலக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே நாலு வரியையும் ஒப்பிப்பாள், ஏதோ அவள்தான் எழுதினாற்போல.

இப்போது பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எனக்குப் பார்க்கவே சங்கடம். வேலு மேஸ்திரி பார்த்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். பாப்பா மட்டும் சத்தம் போட்டுக் குடித்தாள். குடித்து முடித்து, அம்மாவின் பாலையும் டப்பாப் பாலையும் சேர்த்து ஒரு ஏப்பம் விட்டாள்.

வியாழக்கிழமை சன்ன ஜல்லி மாதிரி இரண்டு விழுந்தது. வரிசை முழுக்கச் சேதி போனது. வெள்ளி, சனி, ஞாயிறு மறுபடி ஒன்றும் இல்லை. சிஸ்டரிடம் ஓடினோம். "வயிறு மெத்துன்னு இருக்கு, நல்லாக் குடிக்கறா, மூத்திரம் நல்லாப் போறா. தானா வரும், போங்க" என்றார். வாசல்களில் தலை நீண்டபடி இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். பாப்பாவுக்குத் தேவையான துணியெல்லாம் அமுலு ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தா எடுத்துக்கினு போவணுமில்ல" என்றாள். அந்தப் பையை நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு கனமான மூட்டையை நான் தூக்கியதில்லை.

போகிற வழியில் பாய் கடை. என்னிடம் ஐம்பது ரூபாய் இருந்தது. கணக்கில் வரவு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பாய் கணக்கு நோட்டைக் கவுண்டர்மேல் விரித்து வைத்தார். மாத்திரை வாங்க வந்த சீனிவாசராகவன் சார் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"புள்ளைய காட்டும்மா, இவன் கலவைக்குத் தப்பிச்ச புள்ள" என்று பாய் கையை நீட்டினார். அவருக்கே நாலு பெண். பிள்ளையைப் பிடிக்கத் தெரிந்த கை. துண்டைப் பிரித்துக் காலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். அந்த நேரம் போன் அடித்தது. கவுண்டர் கண்ணாடியை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள், சில்லென்று இருந்தது. அதனால் பாப்பாவை விரித்த நோட்டின்மேல் படுக்க வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தார்.

"பாய், கீழ துணி கட்டல" என்றாள் அமுலு.

"பரவால்ல" என்றார் பாய். அது அவர் சொன்ன கடைசி அமைதியான வார்த்தை.

முதலில் ஒரு சத்தம். ஈர மணலைச் சட்டியோடு கவிழ்த்த மாதிரி. பிறகு வந்தது வந்துகொண்டே இருந்தது. பக்கத்தின் மேலே என் பேரில் ஆரம்பித்து, எனக்குக் கீழே சீனிவாசராகவன் சார் பேரையும் தாண்டி, அடுத்த பக்கத்துக்கும் பரவியது. பேனா மிதந்தது. போனில் யாரோ அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சி" என்றாள் அமுலு, ரொம்ப நேரம் காத்திருந்த பஸ்ஸைப் பார்த்தவள் மாதிரி. பிறகு சிரித்தாள். பத்து நாளில் முதல் தடவை. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர்.

எனக்கு வேறு கவலை. "பாய், இது எவ்ளோ வெயிட்டு இருக்கும்?"

"இன்னாது?"

"இன்னும் எடை போடல பாய். ஒரு அரமணி நேரம் தாங்கியிருந்தா கணக்குல சேந்திருக்கும்."

"நைனா" என்றார் பாய், கையைத் தூக்கிப் பிடித்தபடி. "நான் மெடிக்கல் வெச்சிக்கீறேன். இத எடை போடற தராசு என்னாண்ட இல்ல. மொதல்ல அந்தப் பஞ்ச எடு."

சீனிவாசராகவன் சார் மட்டும் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நன்னா, தாராளமாப் போயிருக்கா. கொழந்தைக்குப் பெரிய மனசு" என்றார்.

சுத்தம் செய்துகொண்டு ஓடினோம். சீதா சிஸ்டர் தராசுத் தட்டில் துணி விரித்துப் பாப்பாவைப் போட்டார். முள் ஆடியது. எங்கள் தொழிலில் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஆடுவது நிற்கும்வரை மூச்சு விடக்கூடாது. நான் விடவில்லை. முள் நின்றது. எண்ணை நானே படித்தேன், சிஸ்டருக்கு முன்னால். இரண்டு கிலோ இருநூற்றுப் பத்து.

"பத்து கிராம் ஜாஸ்தியே இருக்கு" என்றார் சிஸ்டர்.

"வர்ற வழியில பாய் கடையில எறக்கிட்டு வந்தும் இவ்ளோ சிஸ்டர்" என்றேன். அமுலு என் தோளிலிருந்து பையை இழுத்தாள். உள்ளிருந்து ஒரு துணியை எடுத்துப் பாப்பாவுக்குக் கட்டினாள். மிச்சத்தைத் திருப்பி என்னிடமே மாட்டினாள். இப்போது அது வெறும் துணிப்பைதான்.

திரும்பும்போது பாய் கடைக்குப் போனோம். கவுண்டர் டெட்டால் வாசம் அடித்தது. நோட்டின் அந்த இரண்டு பக்கமும் இல்லை. கிழித்து எறிந்திருந்தார். சீனிவாசராகவன் சார் இன்னும் போகவில்லை.

"அந்தப் பக்கத்துல என்னோடதும் இருந்துது இல்லையோ, பாய்" என்றார் சார். "நானூத்திப் பன்னெண்டு ரூபாயோ என்னவோ. இப்போ ஆதாரமே இல்லேன்னு ஆயிடுத்தே."

"நானூத்தி முப்பத்தேழு" என்றார் பாய். "உங்க கணக்கு எனக்கு மனப்பாடம் சாமி. இவன் கணக்குதான் சுத்தமா மறந்துபோச்சி."

"எனக்கு ஞாபகம் கீது பாய்" என்றேன். "நூத்தி எம்பத்தி நாலு ரூபா அம்பது காசு. காத்தால குடுத்த அம்பது போவ மிச்சம்..."

"எவன்டா இவன், மறந்துட்டேன்றேன், எட்த்து எட்த்துக் குடுக்கறான்." பாய் கல்லாவைத் திறந்து என் ஐம்பது ரூபாயை எடுத்து அமுலுவிடம் நீட்டினார். "இது புள்ளைக்கு. வெளிய வந்ததுக்கு."

அமுலு என்னைப் பார்த்தாள். எங்களுக்குச் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. நான் வாசலைப் பார்த்தேன். அங்கே படி உடைந்து கிடந்தது.

"படிய போட்டுத் தரேன் பாய். சிமெண்டு, மணலு உன்னுது. கூலி என்னுது. அதோட கணக்கு தீந்துச்சி."

பாய் யோசித்தார். "கலவை யாரு போடுவா?"

"நான்தான்."

"அப்ப நான் பக்கத்துலயே குந்திக்கினு பாப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பாய் சொன்ன மாதிரியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அமுலு பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குள் நிழலில் இருந்தாள். நான் மணலை அளந்து போட்டேன், சிமெண்டைப் போட்டேன், புரட்டினேன்.

"தலை தட்டினியா?" என்றார் பாய்.

"சட்டிக்கெல்லாம் தலை தட்டறதில்ல பாய்."

"அத்த அன்னிக்கி யோசிச்சிருக்கணும். தட்டு."

ஒரு பலகையை எடுத்து, சட்டி சட்டியாகத் தலை தட்டிப் போட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து அமுலுவின் குரல் ராகமாக வந்தது. "மொதல்ல தண்ணி, அப்பறம் பவுடரு."

"இது வேறம்மா" என்றேன்.

"மீதி வெக்காத" என்றாள் அவள்.

படி போட்டு முடித்து ஈரச்சாக்கு மூடினேன். மூன்று நாள் மிதிக்கக் கூடாது என்றேன். அந்த மூன்று நாளும் பாய் வியாபாரத்தைக் கஷ்டப்பட்டு நடத்தினார். மாத்திரையைக் குடைக் கம்பியில் மாட்டி வெளியே நீட்டுவார். சீனிவாசராகவன் சார் மட்டும், "காசைத் தூக்கிப் போட்டா தொலஞ்சுடும், அப்பறம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

நாலாம் நாள் வேலை முடிந்து போனேன். பாய் சாக்கை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியின் நடுவில் ஏறி நின்றார். அந்த உடம்போடு இரண்டு தடவை குதித்தார். கடைக்குள் சீசாக்கள் கிணுகிணுத்தன. படி அசையவில்லை.

"கெட்டியா கீது" என்றார்.

"தண்ணி கொறச்சிப் போட்டது பாய்."

"இங்க கொறச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்தார். "நீதான் படிக்கத் தெரிஞ்ச ஆளாச்சே. படிச்சிக்கோ."

முதல் பக்கத்தில் ஆறு பேர். முதல் பேர் சீனிவாசராகவன், நானூற்று முப்பத்தேழு. விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஆறு பேரையும் கூட்டிப் படித்தேன். எத்திராஜ் என்று யாரும் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் படித்துவிட்டு, நோட்டை மூடி வைத்தேன்.